கணவாய் ஏறும்போது முள் கீழே விழுந்தால்

கேள்வி: உசிலம்பட்டியில் சொந்தமாக ஒரு பழைய டாடா லாரி வைத்திருக்கிறேன். 1990-களில் வந்த வண்டி. மாட்டுத்தாவணியில் காய்கறி ஏற்றிக்கொண்டு தேனி, கம்பம் வழியாகக் குமுளிக்குப் போகிறது. ஹீட் மீட்டர் முள்ளை நம்ப முடியவில்லை. பகலில் நடுவில் நிற்கிறது. ராத்திரி ஹெட்லைட் போட்டால் சிவப்புக் கோட்டுப் பக்கம் ஏறுகிறது, அணைத்தால் இறங்குகிறது. லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறும்போது கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, திடீரென்று அடியில் விழுந்துவிடுகிறது. சிறிது நேரம் கழித்து மறுபடி எழுகிறது. இரண்டு மீட்டர் மாற்றியாகிவிட்டது. சென்சாரும் புதிது, தண்ணீர் கசியக் கூடாது என்று மரையில் வெள்ளை டேப் சுற்றி மாட்டினார்கள். "மீட்டர்தாண்ணே கோளாறு, வண்டி நல்லா இருக்கு" என்கிறார் டிரைவர். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் ஒரு மெக்கானிக். ரேடியேட்டருக்கு வாரத்தில் இரண்டு மூன்று தடவை தண்ணீர் ஊற்றுவதைத் தவிர இன்ஜினுக்கு வேறு செலவு வைத்ததில்லை. மீட்டரைக் கண்டுகொள்ளாமல் ஓட்டலாமா?

பதில்: வணக்கம். ஓட்டாதீர்கள். அடுத்த லோடு ஏற்றுவதற்கு முன்னால் வண்டியை ஒரு நாள் நிறுத்திப் பாருங்கள்.

போகிற போக்கில் ஒரு விஷயம் எழுதியிருக்கிறீர்களே, வாரத்தில் இரண்டு மூன்று தடவை தண்ணீர் ஊற்றுவதாக, கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். ரேடியேட்டர் மூடியும் ஹோஸ்களும் ஒழுங்காக இருக்கிற வண்டிக்கு அடிக்கடி தண்ணீர் ஊற்ற வேண்டிய வேலையே இல்லை. உங்கள் வண்டியில் தண்ணீர் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. அது தெரியாமல் மீட்டரை எத்தனை தடவை மாற்றினாலும் பலன் இருக்காது.

எனக்குத் தெரிந்தவரை உங்களிடம் இருப்பது ஒரு கோளாறு இல்லை, இரண்டு. ராத்திரி முள் ஏறுவது கரண்ட் சம்பந்தப்பட்டது. மலையில் முள் விழுவது தண்ணீர் சம்பந்தப்பட்டது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதால்தான் "மீட்டர் கெட்டுப்போச்சு" என்ற முடிவுக்கு எல்லோரும் வந்திருக்கிறார்கள். முதல் கோளாறு பணத்தை வீணாக்கும். இரண்டாவது இன்ஜினையே காலி செய்துவிடும். அதனால் இரண்டாவதை முதலில் பார்ப்போம்.

மீட்டர் எப்படி வேலை செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹெட் (சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்) பக்கத்தில், தெர்மோஸ்டாட் (சூட்டைப் பொறுத்து ரேடியேட்டருக்கு வழி விடும் வால்வு) உட்கார்ந்திருக்கும் கூட்டுக்கு அருகில் மாட்டியிருக்கும் சென்சாரின் நுனி தண்ணீரில் முங்கி நிற்க வேண்டும். சூடு ஏற ஏற அதன் உள்ளே இருக்கும் மின்தடை குறையும். தடை குறைந்தால் மீட்டர் வழியாகக் கரண்ட் அதிகம் ஓடும், முள் மேலே போகும். அந்தக் கரண்ட் சென்சாரின் மரை வழியாக இன்ஜினுக்குள் இறங்கி, அங்கிருந்து எர்த் வயர் வழியாக பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். ஆக, முள் சரியாகக் காட்டுவதற்கு இரண்டு விஷயம் வேண்டும்: சென்சார் நுனியைச் சுற்றித் தண்ணீர் இருக்க வேண்டும், எர்த் நன்றாக இருக்க வேண்டும். உங்கள் வண்டியில் இரண்டுமே சந்தேகத்தில் இருக்கிறது.

தண்ணீர் குறைந்து சென்சார் நுனி காற்றிலோ ஆவியிலோ நின்றால், சூட்டை அதற்குக் கொண்டுபோய்ச் சேர்க்க எதுவும் இல்லை. உள்ளே ஹெட் வெந்துகொண்டிருக்கும், முள் மட்டும் பச்சைப் பகுதிக்கு இறங்கிவிடும். மலை ஏறும்போது படிப்படியாக ஏறிய முள் சட்டென்று கீழே விழுகிறது என்றால் நான் முதலில் இதைத்தான் சந்தேகப்படுவேன். வயர் லூஸாக இருந்தாலும் முள் விழும், மறுக்கவில்லை. ஆனால் வயர் லூஸ் என்றால் ஆண்டிபட்டி வரைக்கும் உள்ள மேடு பள்ளத்திலும் குதிக்க வேண்டுமே? சமவெளியில் ஒழுங்காக நின்று, லோடோடு ஏற்றத்தில் மட்டும் விழுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். லோடு கூடும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கட் லேசாக விட்டிருந்தால் அந்த அழுத்தத்தில் புகை தண்ணீர்ப் பாதைக்குள் புகும். குமிழ் குமிழாக மேலே வந்து சென்சார் இருக்கும் இடத்தில் தங்கும். குமிழ் நகர்ந்து தண்ணீர் வந்ததும் முள் மறுபடி எழும். நீங்கள் சொல்லும் அடையாளம் இதோடு நன்றாகப் பொருந்துகிறது. கேஸ்கட் நன்றாக இருந்து, தண்ணீர் மட்டும் குறைந்து கொதித்தாலும் இதே மாதிரிதான் தெரியும்.

எதுவாக இருந்தாலும், டிரைவரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்: ஏற்றத்தில் ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென்று விழுந்தால், முள் சிவப்பில் நிற்பதைவிட அது அபாயம். வண்டி ஆறிவிட்டது என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதிக்கக் கூடாது. இடம் பார்த்து ஓரம் கட்டி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, இன்ஜினை அணைத்துவிட வேண்டும். முள் சிவப்புக்குப் போய், ஆவியும் ஒழுகலும் இல்லாமல் தண்ணீர் இருப்பது நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் நியூட்ரலில் போட்டு, கொஞ்சம் ரேஸ் கொடுத்து இரண்டு மூன்று நிமிடம் ஓடவிடலாம். ஃபேனும் தண்ணீர் ஓட்டமும் சூட்டை இறக்கும். தண்ணீர் போய்விட்ட இன்ஜினை அப்படி ஓடவிட்டால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். மூடியை அரை மணி நேரமாவது கழித்துத்தான் தொட வேண்டும், அதுவும் தடித்த துணி போட்டு, முதல் வெட்டு வரை மட்டும் திருப்பி, ஆவி அடங்கிய பிறகு. சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் ஹெட் விரிசல் விடும். கிளீனர் பையனுக்கும் இதைச் சொல்லி வையுங்கள், கை முகம் வெந்துபோவது பெரும்பாலும் அவர்களுக்குத்தான்.

இனி பட்டறையில் பார்க்க வேண்டியது. காலையில் இன்ஜின் சூடேறாமல் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கழுத்து வரை தண்ணீர் நிரப்பி, மூடாமலே ஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் ஓரிரண்டு காற்றுக் குமிழ் வரும், அது சும்மா தங்கியிருந்த காற்று. அது அடங்கிய பிறகும், ரேஸ் கொடுக்கும்போதெல்லாம் விடாமல் குமிழ் வந்தால் அது சிலிண்டரிலிருந்து வரும் புகை. மூடியைப் போட்டு, ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினாலும் இதே அர்த்தம்தான், தண்ணீர் சூடாகி அழுத்தம் வர அதற்குள் நேரமில்லை. ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. குமிழ் இல்லை, ஆயிலும் சுத்தம் என்றால் வெளியே தேடுங்கள். வாட்டர் பம்புக்கு அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதில் ஒழுகிய தடம் இருக்கிறதா, ஹோஸ் கிளிப்புகளில் வெள்ளை உப்பு படிந்திருக்கிறதா, ரேடியேட்டர் அடியில் ஈரமா என்று பாருங்கள். ஓடும்போது மட்டும் கசியும் இடம் நின்ற வண்டியில் காய்ந்துவிடும். உப்புத் தடம் மட்டும் அப்படியே இருக்கும்.

ரேடியேட்டர் மூடியை யாரும் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. குக்கர் வெயிட் மாதிரிதான் அது. உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்து, தண்ணீர் கொதிக்கும் சூட்டை உயர்த்துகிறது. அரை பார் (bar) அளவுக்கு அழுத்தம் பிடித்தால் வெறும் தண்ணீரே சுமார் 111 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் வெடித்த மூடி அழுத்தம் பிடிக்காது. மதுரையில் அப்போது தண்ணீர் 100 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும். குமுளி உயரத்தில் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொடைக்கானலுக்குப் போகும் வண்டியென்றால் 93-ஐ ஒட்டி. சமவெளியில் பிரச்சினை இல்லாத வண்டி மேலே போய்த் தண்ணீரைக் கக்குவதற்கு இது மட்டுமே போதும். மூடியில் எழுதியிருக்கும் அழுத்த அளவைப் பார்த்து, அதே அளவில் புது மூடி வாங்கிப் போடுங்கள். உங்கள் கோளாறில் இதைவிட மலிவான முதல் வேலை இல்லை.

அடுத்து, முள் சொல்வது உண்மையா என்று தெரிய வேண்டும். அதற்கு மீட்டரைச் சாராத இன்னொரு அளவு தேவை. பல பட்டறைகளில் இப்போது தூரத்திலிருந்து சூடு பார்க்கும் லேசர் துப்பாக்கி மாதிரியான தெர்மாமீட்டர் இருக்கிறது. அதைத் தெர்மோஸ்டாட் கூட்டில் காட்டிப் பார்க்கலாம். ஆனால் பளபளப்பான அலுமினியத்தில் காட்டினால் அது உண்மையைவிட மிகவும் குறைத்துக் காட்டும். அந்த இடத்தைத் துடைத்து, மங்கலான கறுப்புப் பெயின்ட் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு அடித்து, காய்ந்த பிறகு அங்கே காட்டுங்கள். இரும்பின் வெளிப்புறம் உள்ளே இருக்கும் தண்ணீரைவிட சில டிகிரி குறைவாகத்தான் காட்டும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஓடிச் சூடான இன்ஜினில் 80-லிருந்து 95-க்குள் இருந்தால் கவலை இல்லை. ரப்பர் ஹோஸில் அளந்து முடிவு சொல்பவரை நம்பாதீர்கள், ரப்பர் சூட்டை அவ்வளவு சீக்கிரம் வெளியே விடாது.

மலையடிவாரத்தில் ஒரு தடவை, பாதி ஏற்றத்தில் பாதுகாப்பான இடத்தில் ஒரு தடவை அளந்து, அந்த நேரம் முள் எங்கே நின்றது என்று ஒரு தாளில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். முள்ளும் அளவும் சேர்ந்து ஏறினால் மீட்டர் நல்ல மீட்டர், இன்ஜின்தான் சூடாகிறது. இதை குமிழ்ச் சோதனை முடிந்து, மூடி மாற்றி, தண்ணீர் நிரப்பிய பிறகு பாதி லோடில் செய்யுங்கள்.

இப்போது ராத்திரிக் கோளாறு. இதற்கு நீங்கள் மாற்றிய இரண்டு மீட்டரும் காரணம் இல்லை. ஹெட்லைட் போடும்போது டீசல் முள்ளும் சேர்ந்து நகர்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டு முள்ளும் சேர்ந்து நகர்ந்தால் டேஷ்போர்டு எர்த், அல்லது மீட்டர்களுக்கு ஒரே அளவில் வோல்டேஜ் கொடுக்கும் ஸ்டெபிலைசர் இருக்கும் வண்டியில் அந்த ஸ்டெபிலைசர் கெட்டிருக்கும். ஹீட் முள் மட்டும் நகர்ந்தால் இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் போகும் எர்த் பட்டைதான் குற்றவாளி. டீசல் டேங்க் சேஸிஸில் இருக்கிறது, ஹீட் சென்சார் இன்ஜினில் இருக்கிறது. இன்ஜின் ரப்பர் மவுன்டில் உட்கார்ந்திருப்பதால் அந்தப் பட்டைதான் முக்கியமான பாலம். அது துருப்பிடித்தால், ஹெட்லைட் இழுக்கும் கரண்ட் ஆல்டர்னேட்டருக்குத் திரும்பி வரும்போது பட்டையில் தடுக்கிக்கொள்ளும். இன்ஜினும் சேஸிஸும் ஒரே மட்டத்தில் இருக்காது, சென்சார் வழியாகக் கூடுதல் கரண்ட் ஓடி முள் ஏறும். விளக்கை அணைத்தால் இறங்கும்.

இதை உறுதிப்படுத்த வண்டியைக் கழற்ற வேண்டாம். இன்ஜின் ஓடும்போது ஹெட்லைட், வைப்பர் எல்லாம் போட்டுவிட்டு, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையை இன்ஜினின் சுத்தமான இரும்பிலும் மறுமுனையை பேட்டரியின் மைனஸிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. மல்டிமீட்டர் இல்லையென்றால் ஒரு தடித்த வயரை எடுத்து, ஃபேன், பெல்ட் பக்கம் போகாமல், இன்ஜினிலிருந்து பேட்டரி மைனஸுக்கு நேராகப் பிடியுங்கள். முள் இறங்கினால் கண்டுபிடித்தாயிற்று. டேஷ்போர்டுக்கும் இதே மாதிரி அதன் எர்த் முனையிலிருந்து ஒரு வயர் பிடித்துப் பார்க்கலாம். சரிசெய்வது எளிது: பட்டையைக் கழற்றி, இரண்டு பக்கமும் பெயின்ட்டும் துருவும் போக உப்புத்தாளால் தேய்த்து, புதுப் பட்டை போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவிவிடுங்கள். பழைய வண்டிகளில் பாடி கட்டும்போது பெயின்ட் மேலேயே எர்த் போல்ட்டைப் பூட்டிவிடுகிறார்கள். அதைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும், இதனால்தான் எத்தனையோ நல்ல மீட்டர்கள் குப்பைக்குப் போகின்றன.

மரையில் சுற்றிய வெள்ளை டேப்பையும் எடுத்துவிடுங்கள். கரண்ட் அந்த மரை வழியாகத்தான் இறங்க வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? டேப் தடுத்தால் முள் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். பகலில் நடுவில் நிற்கும் உங்கள் முள், டேப் இல்லாவிட்டால் இன்னும் மேலே நின்றிருக்குமோ என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது. சாவி போட்ட நிலையில் சென்சாரின் உடம்புக்கும் இன்ஜின் இரும்புக்கும் நடுவில் மல்டிமீட்டர் வைத்தால் வோல்ட் எதுவும் காட்டக் கூடாது. கசிவைத் தடுக்கச் செம்பு வாஷர் போதும். வாஷர் இல்லாமல் கூம்பிய மரையாக இருந்தால் அதுவே இறுகிக்கொள்ளும்.

சென்சார் மாற்றும்போது மரை சரியாக ஏறுகிறது என்பதை மட்டும் பார்த்துக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்துவிடுவார். வெளியே ஒரே மாதிரி இருக்கும், உள்ளே இருக்கும் தடை அளவு வேறாக இருக்கும். மீட்டரும் சென்சாரும் ஜோடி சேர்ந்தால்தான் முள் சரியான இடத்தில் நிற்கும். 12 வோல்ட் வண்டிக்கும் 24 வோல்ட் வண்டிக்கும் மீட்டர் வேறு. சென்சாரில் இரண்டு முனை இருந்தால் ஒன்று முள்ளுக்கு, மற்றொன்று எச்சரிக்கை விளக்குக்கு. மாற்றிக் குத்தினால் முள் வெகு நேரம் அடியிலேயே கிடந்து, சூடு எல்லை தாண்டியதும் ஒரே தாவாக உச்சிக்குப் போகும். உங்கள் சென்சாரைச் சோதிக்க, கழற்றிய சென்சாரின் உடம்பில் ஒரு எர்த் வயர் கட்டி, அதன் வயரையும் மாட்டி, நுனி மட்டும் முங்கும்படி கொதிக்கும் தண்ணீரில் பிடியுங்கள். சாவியைப் போட்டால் முள் சிவப்புக்குச் சற்றுக் கீழே வந்து நிற்க வேண்டும். பாதியில் நின்றால் ஜோடி தப்பு. பாத்திரத்தை மறுபடி அடுப்படிக்குக் கொண்டுபோகாதீர்கள். சிலர் சென்சார் வயரை நேராக இரும்பில் தொட்டு முள் உச்சிக்குப் போகிறதா என்று பார்ப்பார்கள். சில மீட்டர்கள் அதில் கருகிவிடும். நடுவில் ஒரு சின்ன பல்பை வைத்துத் தொடுவதே நல்லது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றச் சொன்ன யோசனையை விட்டுவிடுங்கள். நம் ஊர் வெயிலுக்கு அது தேவையில்லை என்ற பேச்சு வெகு நாளாக இருக்கிறது, அது தவறு. பல டீசல் இன்ஜின்களில் அந்த வால்வு திறக்கும்போது ரேடியேட்டருக்கு வழி விடுவதோடு பைபாஸ் பாதையையும் மூடுகிறது. கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். ஒரு பங்குத் தண்ணீர் ரேடியேட்டரைத் தொடாமலே இன்ஜினுக்குத் திரும்பும், லோடு ஏற்றத்தில் வண்டி முன்பைவிட அதிகம் சூடாகலாம். சமவெளியிலோ இன்ஜின் சூடேறாமலே ஓடும், புகை கூடும், டீசல் கூடும், சிலிண்டரின் உள்சுவரான லைனர் சீக்கிரம் தேயும். சந்தேகம் இருந்தால் அதே பாத்திரத்தில் நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். அதில் எத்தனை டிகிரி என்று பொறித்திருக்கும். அந்தச் சூட்டை ஒட்டித் திறக்க ஆரம்பித்து, தண்ணீர் கொதிப்பதற்குள் நன்றாகத் திறந்துவிட வேண்டும். திறக்காவிட்டால் புதிது போடுங்கள்.

நீங்கள் ஊற்றும் தண்ணீர் போர்வெல் தண்ணீர் என்றால் அதையும் நிறுத்துங்கள். உசிலம்பட்டிப் பக்கத்து உப்புத் தண்ணீர் வீட்டில் வெந்நீர்ப் பாத்திரத்தில் என்ன செய்கிறது என்று உங்களுக்கே தெரியும். ரேடியேட்டர் குழாய்களிலும் சென்சார் நுனியிலும் அதேதான் படிகிறது. நுனியில் சுண்ணாம்பு படிந்த சென்சார் சூட்டைத் தாமதமாகக் காட்டும். ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவி, டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் டப்பாவில் எழுதியிருக்கும் அளவுப்படி கலந்து ஊற்றுங்கள். ஆனால் ஒழுகல் கண்டுபிடிப்பதற்கு முன்னால் கூலன்ட் ஊற்றினால் அந்தக் காசும் ரோட்டில்தான் போகும்.

எல்லாம் முடிந்த பிறகு, மலைப்பாதைக்கே போகிற வண்டி என்பதால் ஒன்று சொல்கிறேன். மெல்லிய குழாயோடு வரும் பழைய மாதிரி மெக்கானிக்கல் ஹீட் மீட்டர் ஒன்றைக் கூடுதலாக மாட்டிக்கொள்ளுங்கள். அதற்குக் கரண்டே தேவையில்லை, எர்த் கெட்டாலும் ஹெட்லைட் போட்டாலும் அது அசையாது. குழாய் மடங்காமல், சைலன்சர் பக்கம் போகாமல் கொண்டுபோக வேண்டும். வெட்டி ஒட்ட முடியாது. ஆனால் அதுவும் தண்ணீரில் முங்கினால்தான் சரியாகக் காட்டும் என்பதால், தண்ணீர் குறைந்தால் சத்தம் போடும் அலாரம் ஒன்றையும் ரேடியேட்டரின் மேல் தொட்டியில் வைத்துவிடுங்கள்.

குமிழ்ச் சோதனையில் கேஸ்கட் என்று தெரிந்து ஹெட்டைக் கழற்ற நேர்ந்தால், புதுக் கேஸ்கட் மட்டும் போட்டு மாட்ட விடாதீர்கள். ஹெட்டை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் மட்டமும் விரிசலும் பார்த்து, பிளாக்கின் மேல்முகத்திலும் மட்டப் பலகை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். போல்ட்டுகளை டார்க் ரெஞ்சில், கம்பெனி சொன்ன வரிசையில் இறுக்க வேண்டும். நீங்களும் பக்கத்திலேயே நில்லுங்கள்.